பதினேழாம் குழியில் ஆடிப்பெருக்கு

1

அந்த மணிக்குக் கீழே இப்போது ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். விளையாடுபவர்களைத் தவிர வேறு யாரும் மணியை அடிக்கக் கூடாது என்று மேலே ஐரிஷ் மொழியிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. இந்த நாட்டில் எந்தப் பலகையிலும் ஐரிஷ்தான் மேலே இருக்கும். எல்லோரும் கீழே இருப்பதைத்தான் படிப்பார்கள். தமிழில் எழுதவில்லை. நியாயப்படி தமிழில்தான் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பலகை வந்ததற்குக் காரணம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் குடியிருக்கும் என் அக்கா.

இந்த வருஷ ஆடிப் பதினெட்டுக்கும் அந்த ஊருக்குப் போயிருந்தோம். பலகையைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன்.

"என்னடா சேகரு எழுதியிருக்கு அதுல?"

சொன்னேன்.

"பரவால்லயே, நம்மள ஞாபகம் வச்சிருக்காங்களே" என்றாள். குரலில் வருத்தம் துளியும் இல்லை. பக்கத்தில் யாரிடமோ, "அயர்லாந்துல எனக்கு போர்டு வச்சிருக்காங்க" என்று சொல்வதும் கேட்டது. இது ஸ்ரீரங்கத்தில் என்ன உருவத்தில் பரவும் என்று எனக்குத் தெரியும். ஆகவே போன வருஷம் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

2

ஊர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். எழுதினால் நீங்கள் ஒன்று படிப்பீர்கள், அவர்கள் வேறொன்று சொல்வார்கள். நான் குடியிருக்கும் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். நீளமான ஒரு நடைபாதை, அதை ஒட்டிக் கலர் கலராகப் பெயின்ட் அடித்த பழைய ஓட்டல்கள், மீன் வறுத்துத் தரும் கடை, காசு போட்டால் சத்தம் போடும் மெஷின்கள் உள்ள கடை, ஐஸ்கிரீம் கடை. மழையில் நனைந்துகொண்டே ஐஸ்கிரீம் தின்பார்கள். மழை இல்லை என்றால் "அருமையான நாள்" என்பார்கள். தூறினால் "மோசமில்லை" என்பார்கள். இரண்டுக்கும் இடையில் வேறு வானிலையை நான் பார்த்ததில்லை.

மனிதர்கள் பரம்பரையாக இங்கே வருகிறார்கள். தாத்தா தங்கிய ஓட்டல், அப்பா தங்கிய ஓட்டல், அதே வாரம், முடிந்தால் அதே அறை. முசிறிக்காரர்கள் சமயபுரத்துக்கு வருவது மாதிரி, ஏன் வருகிறோம் என்று யோசிக்காமல் வருகிறார்கள். காற்றைத் தடுக்க மணலில் படுதா நட்டு, அதன் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். சிலர் அதில் குளிக்கவும் செய்கிறார்கள். வெளியே வரும்போது வேகவைத்த இறால் நிறத்தில் இருப்பார்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டால் "உள்ளே இறங்கிவிட்டால் நன்றாக இருக்கும்" என்பார்கள். இருபது வருஷமாக இந்தப் பதிலைக் கேட்கிறேன். இறங்கியதில்லை.

ஊருக்கு வடக்கே மணல்மேடுகள். புல், முள், முயல் வளை. வையம்பட்டிப் பக்கம் இப்படி ஒரு நிலம் இருந்தால் ஆட்டை ஓட்டிவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்வார்கள். இங்கே அது கோல்ஃப் மைதானம். அதில் உறுப்பினராக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வெள்ளைப் பந்தைத் தடியால் அடித்து அடித்துக் கடைசியில் குழிக்குள் போட வேண்டும். மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் புல்லை ஒட்ட வெட்டிப் பாய் விரித்த மாதிரி வைத்திருப்பார்கள். குழி இருக்கும் இடம் தெரிய அதில் ஒரு கொடிக்கம்பு. சில குழிகள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கும். அடிப்பவர் கண்ணுக்குக் கொடி தெரியாது. அங்கே யாராவது நின்றால் மண்டை உடையும். அதனால் குழிக்குப் பக்கத்தில் ஒரு மணி கட்டியிருப்பார்கள். ஆடி முடித்தவர்கள் கிளம்பும்போது அந்த மணியை அடிப்பார்கள். "இங்கே யாரும் இல்லை, நீங்கள் அடிக்கலாம்" என்று அதற்கு அர்த்தம். வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

3

என் மகள் கயல்விழிக்குப் போன வருஷம் பதினாறு வயது. தேடித் தேடி வைத்த பெயர். ஸ்கூலில் சேர்த்த முதல் நாளே டீச்சர் "கைல்" என்றாள். அது இங்கே ஆண்பிள்ளைப் பெயர். இவள் திருத்தவில்லை. நானும் ஸ்கூலுக்குப் போய்த் திருத்துவதற்குள் வகுப்பு, கிளப், பல் டாக்டர் எல்லோருக்கும் இவள் கைல் ஆகிவிட்டாள்.

கூடப் படித்த பெண் ஒருத்தி கோல்ஃப் கிளப்புக்கு அழைத்துப் போனாள். இவள் திரும்பி வரவில்லை என்றே சொல்லலாம். சனிக்கிழமை தோறும் நான்தான் காரோட்டி. முதலில் "மழைப்பா, நீங்க கார்லயே இருங்க" என்றாள். அக்கறை என்று நினைத்தேன். பிறகு மழை இல்லாத நாளிலும் காரிலேயே இருக்கச் சொன்னாள். அப்படியே நான்கு வருஷம் காரிலேயே இருந்தேன். பிளாஸ்க் காபியும் பழைய வார இதழும் துணை.

வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் தமிழ் வரும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் தூரத்திலிருந்து "கயலு, தயிர் எடுத்தியா?" என்று கேட்டேன். அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோப்பு வரிசைக்குள் போய்விட்டாள். நான் தயிரை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி இருந்தது: இவள் எங்களைப் பார்த்து வெட்கப்படுகிறாளா? அவளிடம் கேட்கவில்லை. என் மனைவி வசந்தியிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். ராத்திரி சாப்பாட்டில் தயிர் எனக்கு இறங்கவே இல்லை.

போன வருஷம் கயல் பெண்கள் ஜூனியர் போட்டியில் ஃபைனலுக்கு வந்தாள். ஜெயித்தால் மாகாண டீமில் இடம். நான்கு வருஷ மழையும் அதற்குத்தான். ஃபைனல் அந்தக் கடற்கரை ஊரில், ஆகஸ்ட் முதல் வாரத்து நீண்ட விடுமுறையில். காலண்டரைப் பார்த்தால் அதே நாள் ஆடிப் பதினெட்டு. அக்காவும் அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். என்னை இறக்கிவிட்டுட்டு நீங்களும் அத்தையும் பீச்சுக்குப் போங்க. கோர்ஸ் பக்கம் மட்டும் வராதீங்க. ஐ கான்ட் ஃபோகஸ்" என்றாள்.

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

4

அக்கா சரோஜா திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். துறையூரிலும் முசிறியிலும் மேட்ச் என்றால் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், வாலிபால், த்ரோபால், டென்னிகாய்ட் எல்லாவற்றிலும் ஒரு கப்பாவது இல்லாமல் திரும்ப மாட்டாள். அவளுக்கு விளையாட்டில் ஒரே தத்துவம்: பந்து கீழே விழக் கூடாது. மற்ற விதிகள் எல்லாம் அந்தந்த ஆட்டத்தைப் பொறுத்தது. கல்யாண வீட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் யார் கையிலிருந்தோ நழுவிய எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தவள் என்று ஒரு பேர் உண்டு. நானே பார்த்தேன்.

அவளை இங்கே வரவழைக்க விசா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய காரணம் காட்டவில்லை என்று கடிதம் வந்தது. அக்காவுக்கு அசாத்தியக் கோபம். "திரும்பி வராம அங்க என்னடா பண்ணுவேன்? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான்?" என்றாள். இரண்டாவது தடவை தானே ஒரு கடிதம் எழுதிச் சேர்த்தாள். வீட்டில் முருங்கை மரம் இருக்கிறது, வார்டில் வாக்கிங் போகும் பெண்கள் குழுவுக்கு விசில் ஊத வேறு ஆள் இல்லை, மார்கழியில் தான் இல்லாவிட்டால் தெருவில் கோலப்போட்டி நடக்காது என்று. விசா வந்துவிட்டது. எது காரணமாக வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. முருங்கை மரம்தான் என்கிறாள் அக்கா.

ஆடிப் பதினெட்டை விடுகிற ஆள் இல்லை அவள். காவேரியில் சொட்டுத் தண்ணீர் வராத வருஷங்கள் உண்டு. அப்போது அம்மா மண்டபம் படித்துறையில் குழாய் போட்டு ஷவர் வைப்பார்கள். ஊரே வரிசையில் நின்று ஷவரில் குளித்து, ஷவருக்குப் பூப்போட்டு, ஷவருக்கு விளக்குக் காட்டிவிட்டு வரும். "தண்ணி எங்கேருந்து வந்தா என்னடா, தண்ணி தண்ணிதான்" என்பாள். அப்படிப்பட்டவள் அட்லாண்டிக் கடலைப் பார்த்தால் விடுவாளா? காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, குங்குமம், அகல் விளக்கு எல்லாம் திருச்சியிலிருந்தே பெட்டியில் வந்திருந்தன. விடியற்காலையில் எழுந்து புளிசாதம், தேங்காய்சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், வெல்லம் போட்ட காப்பரிசி. வசந்தி நர்ஸ், அன்று அவளுக்கு டூட்டி. டப்பாவில் புளிசாதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மிச்சம் டிக்கியில் ஏறியது. கயலின் தடிப் பையும் அதே டிக்கியில். வழி நெடுகப் புளிக்காய்ச்சல் வாசனை. கயல் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டாள்.

5

கயலை கிளப் வாசலில் இறக்கிவிட்டோம். "ஆல் தி பெஸ்ட் கண்ணு, பந்தைக் கீழ விட்டுடாத" என்றாள் அக்கா. கயல் சரி என்று தலையாட்டினாள். கோல்ஃபில் பந்து கீழேதான் இருக்கும் என்று விளக்க அவளுக்கு நேரம் இல்லை.

பீச்சில் ஒரே காற்று. அக்கா கால் நனைத்தாள், உடனே வெளியே வந்தாள். "என்னடா இது, எலும்பு வரைக்கும் கேக்குது. இதுல எறங்கிக் குளிக்கிறாளே அந்தம்மா, வீட்ல ஏதும் சண்டையா?" விளக்கு ஏற்றினால் நிற்கவில்லை. மூன்று தீக்குச்சி போயிற்று. சாதத்தில் மணல் விழும் என்று டப்பாவைத் திறக்கவே விடவில்லை. காற்றில்லாத இடம் பார்த்து மணல் ஓரமாகவே வடக்கே நடந்தோம். ஒரு மேட்டின் அடியில் வந்ததும், தண்ணீர் கேனைக் காரிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

"நீ போய் எடுத்துட்டு வா. நான் இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைவா எடம் இருக்கான்னு பாக்கிறேன்."

அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, மூச்சு வாங்க மேட்டில் ஏறும்போது மணிச் சத்தம் கேட்டது. ஓங்கி, நிறுத்தி நிறுத்தி, உச்சிகாலப் பூஜைக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. கேனை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

மேட்டில் ஏறிப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய பச்சைப் புல்லின் மேல் எங்கள் ஜமுக்காளம். அதன்மேல் நான்கு டப்பா, வாழைப்பழம், தட்டில் பூவும் கருகமணியும். கொடிக்கம்பைப் பிடுங்கிக் கடல் பக்கமாக மணலில் நட்டு, அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். விளக்கைக் குழிக்குள் வைத்திருந்தாள். குழிக்குள் காற்று வராது. சுடர் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

"அக்கா! அடிக்காத! வந்துடு!" என்று கத்தினேன். காற்று அதை அயர்லாந்தின் உட்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது.

எதிர் மேட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பியது. வந்தது. புல்லில் ஒரு குத்துக் குத்தி, எலுமிச்சை சாதத்தைத் தாண்டி, அக்காவின் தலைக்கு மேலே கடலைப் பார்த்துப் பறந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள். பின்னால் இரண்டு எட்டு ஓடி, எம்பி, இடது கையால் பிடித்தாள். அறுபது வயதை ஒட்டியவள், சேலையும் ஸ்வெட்டரும் மேலே என் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு.

இன்னொரு பந்து வந்து புல்லின் ஓரத்தில் சாதுவாக நின்றது. பிறகு மேட்டுக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன. ஒன்று எதிர் ஆட்டக்காரப் பெண் ஈஃபா. ஒன்று கோட்டும் டையும் போட்ட நடுவர், வயதானவர். மூன்றாவது கயல்.

எனக்கு அந்த மணலிலேயே புதைந்துவிடலாம் போல் இருந்தது. வராதே என்று அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம். இப்போது புளிசாதத்தோடு குழியின்மேலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

"கயலு! இந்தா பந்து! பயப்படாத, பத்திரமா வச்சிருக்கேன்!" என்று அக்கா இடது கையை உயர்த்திக் காட்டினாள்.

6

அது பதினேழாவது குழி. அதுவரை இருவரும் சமம். ஈஃபாவின் பந்து நல்ல இடத்தில் இருந்தது. கயலின் பந்து அக்கா கையில் இருந்தது.

நடுவர் ஜமுக்காளத்தைப் பார்த்தார், கொடிக்கம்பின் பொட்டைப் பார்த்தார், குனிந்து குழிக்குள் எரியும் விளக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இது மாதிரி தான் பார்த்ததில்லை என்றார். ஐரிஷ்காரர்கள் கோபத்தையும் வானிலை மாதிரிதான் சொல்வார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தி விதியைச் சொன்னார். ஓடுகிற பந்து தற்செயலாக ஒருவர்மேல் வந்து விழுந்தால், விழுந்த இடத்திலேயே பந்தை வைத்து ஆடலாம். வேண்டுமென்றே பிடித்திருந்தால், பிடிக்காவிட்டால் பந்து எங்கே போயிருக்கும் என்று பார்க்க வேண்டும். மைதானத்துக்கு வெளியே போயிருக்கும் என்றால் திரும்பிப் போய் முதலிலிருந்து அடிக்க வேண்டும். தண்டனையாக ஒரு அடியும் சேரும்.

பிறகு அக்காவை அன்போடு பார்த்தார். அந்த அம்மாள் சும்மா நின்றிருந்தார், பந்து தானாக வந்து கையில் விழுந்தது, அப்படித்தானே என்று என்னிடம் கேட்டார். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். ஈஃபாவும் ஒன்றும் சொல்லாமல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். பார்த்தது நான் ஒருவன்தான்.

நான்கு வருஷ சனிக்கிழமைகள் கண்ணில் வந்தன. இந்தப் பெண்ணுக்கு எங்களால் ஒரு கெடுதல் வரக் கூடாது. "ஆமாம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒன் செகண்ட்" என்றாள் கயல். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஜமுக்காளத்துக்கு வந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன்மேல் ஏறி அக்காவுக்கு முன்னால் நின்றாள். நடுவரும் ஈஃபாவும் பார்த்துக்கொண்டிருக்க, கணீரென்று தமிழில் கேட்டாள்.

"அத்தை, இந்தப் பந்தை நீங்க வேணும்னு பிடிச்சீங்களா, இல்ல தானா வந்து கையில விழுந்துச்சா?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தானா விழுறதா? நல்லா கேட்ட போ! எம்பில்ல பிடிச்சேன்! நான் மட்டும் பிடிக்கலேன்னா நேரா கடலுக்குப் போயிருக்கும்டி உன் பந்து!"

கயல் நடுவர் பக்கம் திரும்பினாள். இவங்க என்னுடைய அத்தை, அப்பாவோட அக்கா, இந்தியாவிலிருந்து வந்திருக்காங்க என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வேண்டுமென்றுதான் பிடித்தாராம், பிடிக்காவிட்டால் கடலுக்குப் போயிருக்குமாம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மணி எதற்காக அடித்தாராம்?" என்று நடுவர் கேட்டார். கயல் கேட்டுச் சொன்னாள்.

"இது என்னடி கேள்வி? விளக்கேத்தி இருக்கு, பக்கத்துல மணி தொங்குது. அடிக்காம என்ன பண்றது?"

கயல் அதையும் சொன்னாள். நடுவர் கொஞ்சம் யோசித்து, அது சரிதான் என்றார்.

கயல் பந்தை வாங்கிக்கொண்டாள். போவதற்கு முன் குழியருகே மண்டியிட்டு விளக்கைப் பக்குவமாக வெளியே எடுத்தாள். நடுவர் உதவிக்குக் குனிந்து ஊதப் போனார். இவள் கையை நடுவே வைத்துத் தடுத்தாள். தட்டிலிருந்து ஒரு சாமந்திப்பூவை எடுத்துச் சுடரின்மேல் வைத்தாள்.

"மலையேத்திட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. வசந்தி வெள்ளிக்கிழமை ஏற்றுவதைப் பார்த்திருப்பாள். எனக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. நிஜமாகவே கொஞ்சம் மணலும் விழுந்திருந்தது. நாங்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டினோம். கொடிக்கம்பை நானே எடுத்துக் குழியில் நட்டேன். பொட்டை அழிக்க மனம் வரவில்லை. நடுவரும் அழிக்கச் சொல்லவில்லை.

குறைந்த அடியில் போட்டவருக்குத்தான் குழி. பதினேழாவதில் ஈஃபா ஜெயித்தாள். பதினெட்டாவதில் இருவரும் சமம். ஆகவே போட்டியும் போயிற்று.

7

மறுபடி காரில் கிளம்பினோம். கயல் முன் சீட்டில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டாள். ஸ்பூன் இருந்தது, கையால்தான் சாப்பிட்டாள். ஜன்னல் முழுக்க ஏற்றியிருந்தது.

தோற்றுவிட்டாள் என்பது வரைதான் அக்காவுக்குத் தெரியும். பாதி வழியில், எதனால் என்று கேட்டாள். நான் மழுப்பப் பார்த்தேன். கயல் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள்.  கண்ணாடியில் பார்த்தேன். அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சராக இருந்தபோது தோற்ற பிள்ளைகளை எல்லாம் இவள்தான் தேற்றுவாள். இவள் அழுது நான் பார்த்ததில்லை.

"பாவி நான், பிடிக்காமத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அப்பவும் கடலுக்குத்தான் போயிருக்கும் அத்தை. என் ஷாட்டே தப்பு. மணி கேட்டதும் அவசரப்பட்டு அடிச்சுட்டேன்."

"அப்ப என்கிட்ட எதுக்குடி கேட்ட? அந்தப் பெரியவர்தான் விழுந்துச்சான்னு எடுத்துக் குடுத்தாரே. ஆமான்னு சொல்லிட்டு ஆடிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?"

கயல் விரலை நக்கிக்கொண்டு, யோசித்து, சொல்லுக்குச் சொல் தேடிச் சொன்னாள்.

"அப்பா முகத்தைப் பாத்தேன். அவர் பொய் சொல்லப் போறார்னு தெரிஞ்சுது. அத்தை, கடலுக்குப் போற பந்து உங்க கையில இருந்துச்சு, அவ்வளவு நல்ல கேட்ச். அதைப் போய் எப்படி விழுந்துச்சுன்னு சொல்றது?"

 அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "இடது கை" என்றாள்.

"ஐ நோ" என்றாள் கயல்.

வீட்டை நெருங்கும்போது அவள் போன் அடித்தது. ஸ்கூல் சிநேகிதி. என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். கயல் தோற்றதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டு, கேட்சைப் பற்றி ஆரம்பித்தாள். ஒரு கை, சேலை, மழைக்கோட்டு எல்லாம் வந்தது. யார் பிடித்தது என்று அந்தப் பக்கம் கேட்டாள் போலிருக்கிறது.

"மை அத்தை" என்றாள் கயல். "நோ. அத்-தை."

அந்தப் பெண் என்னவோ சொன்னாள். கயல் மறுபடி சொன்னாள். மறுபடி தப்பாக வந்திருக்கும். "நாக்கைப் பல்லுக்குப் பின்னாடி வை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாள். கைல் என்று கூப்பிட்ட ஒருத்தரையும் இதுவரை திருத்தாதவள்.

வீடு வந்துவிட்டது. நான் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்காவும் இறங்கவில்லை. அந்தப் பெண் சரியாகச் சொல்லும்வரை கயல் போனை வைக்கவில்லை.